நாற்பது செகண்டு மெட்ராஸ்

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் கெடவும் இல்லை, பட்டணம் சேரவும் இல்லை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அதே ஆபீஸில், அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் அந்தக் காலத்து மெட்ராஸைப் பற்றி என்னிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு பஸ் கிடைக்காது, ஓடுகிறவர்களுக்குத்தான் கிடைக்கும் என்பது முதல், ஒரு வீட்டுக்குள் ஒன்பது குடித்தனம் ஒரே குழாயில் எப்படித் தண்ணீர் பிடிக்கும் என்பது வரை ஒப்பிப்பேன். எல்லாம் காதால் பார்த்தது.

போன மாதம் எங்கள் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிற பெண் ஒருத்தி ஒரு கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தாள். காதில் போனை வைத்தபடியே வந்தாள், வைத்தபடியே காப்பி குடித்தாள், வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். சென்னையில் இருக்கிற சிநேகிதியாம். ஒரு வழியாகப் பேச்சு முடிந்ததும் கேட்டாள்: "ஒங்க காலத்துல மெட்ராஸுக்கு ஒரு நாளைக்கு மூணு நிமிசந்தான் பேசுவீங்களாமே மேடம்? மூணு நிமிசத்துல என்னத்தப் பேச?"

"மூணு நிமிசம் கம்பெனிக்கு. எனக்கு நாப்பது செகண்டுதான்" என்றேன்.

அவள் அதைப் பெரிய வேடிக்கையாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை. ஒருவருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று அந்த நாற்பது செகண்டுக்குள் இருக்கிறது. இந்த வயதிலும் சொல்லாமல் வைத்திருந்து நான் என்ன செய்யப் போகிறேன்?

வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. டைப்பிங்கில் இரண்டு பரீட்சை பாஸ் செய்தேன். எட்டயபுரம் பக்கம் எங்கள் ஊரில் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அண்ணன்மார் இருவரும் அவரவர் பெண்டாட்டி ஊரோடு போனார்கள். நான் கோவில்பட்டிக்கு வந்து ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை பிடித்தேன். வருஷம் எழுபத்தி நாலோ ஐந்தோ இருக்கும். கல்யாணம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தது. பிறகு கேட்டு வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள்.

எங்கள் மேனேஜர் பெயர் அருணாசலம். ஊருக்கே அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் செருகிய நீலப் பென்சில். சத்தம் போட்டு ஒரு நாளும் பேசமாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு. சாதாரணமாக என்னை "தாயி, வா, போ" என்பார். கோபம் வந்துவிட்டால் "வாங்க, போங்க" என்று ஆரம்பிப்பார். அந்த 'ங்க'வைக் கேட்டால் லோடுமேன்கள்கூட பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள்.

காலை எட்டரைக்கு மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் பண்ணுவது என் வேலை. லைன் எப்போது கிடைக்கும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். சில நாள் பத்தரை, சில நாள் மத்தியானம் ஒன்று. மணி அடித்ததும் நான் ரிசீவரை எடுப்பேன். அண்ணாச்சி மேஜையில் இருக்கிற டைம்பீஸைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். மூன்று நிமிஷம்தான் கணக்கு. அதற்கு மேல் ஒரு செகண்டு போனாலும் அடுத்த மூன்று நிமிஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். என்ன லேபிள், எத்தனை பண்டல், லாரி நம்பர் என்ன, எப்போது வந்து சேரும் என்று நான் மடமடவென்று வாசிப்பேன். மெட்ராஸில் எங்கள் சரக்கு போய் இறங்குகிற டிப்போவில் ஒரு பெண் எழுதிக்கொள்வாள். முடிய இரண்டு நிமிஷம், இரண்டே கால் ஆகும். மிச்சம் ஒரு நாற்பது செகண்டு.

முதல் நாள் வாசித்து முடித்ததும் ரிசீவரை வைக்கப் போனேன். அண்ணாச்சி கையைக் காட்டித் தடுத்தார்.

"என்ன தாயி, அதுக்குள்ள வைக்கே? மூணு நிமிசத்துக்கும் துட்டு குடுத்தாச்சுல்லா? மிச்சத்தத் தரையிலயா கொட்டுவாக? பேசு."

"என்ன பேச அண்ணாச்சி?"

"எதையாவது பேசு. பொம்பளையளுக்குப் பேசவா சொல்லிக் குடுக்கணும்?"

அப்படிச் சிக்கனத்தில் பிறந்ததுதான் எங்கள் சிநேகம். அவள் பெயர் வசந்தா. அவள் என்னை "கோயில்பட்டி" என்பாள், நான் அவளை "மெட்ராஸ்" என்பேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்ததில்லை. "என்ன செய்யுதீங்க மெட்ராஸ்?" என்று நான் கேட்டால் போதும். "செய்யுதீங்களா! இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சிரிப்பாள். "கரிசல் காடு" என்று ஒரு நாள் சொன்னேன். "கறிக் கடையா?" என்றாள். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தராத மண் என்று விளக்குவதற்குள் மூன்று நிமிஷம் ஆகிவிட்டது.

இந்தப் பாஷைக் கூத்தில் ஒருமுறை கம்பெனியே மாட்டிக்கொண்டது. "லாரி நாளைக்கழிச்சு வரும்" என்று சொன்னேன். நாளை மறுநாளைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அவளுக்கு 'நாளைக்கு, கழிச்சு' என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறது. நாளைக்கு வருகிற லாரியைக் கழித்துவிடச் சொல்கிறார்கள் போல என்று நோட்டில் அந்த வரியையே அடித்துவிட்டாள்! மூன்றாம் நாள் லாரி போய் நிற்கிறது, இறக்க ஒரு ஆள் இல்லை. அண்ணாச்சி சிரித்தார். சிரித்துவிட்டு நீலப் பென்சிலால் ஒரு அட்டையில் எழுதி டெலிபோனுக்கு மேலே ஒட்டினார்: 'திருப்பிச் சொல்லச் சொல்.'

"நீ சொன்னத அவிய அப்பிடியே திருப்பிச் சொல்லணும். அதக் கேட்ட பொறவுதான் ஒன் கத. வெளங்குதா?" என்றார். விளங்கியது. மற்ற நாளெல்லாம் விளங்கத்தான் செய்தது.

வசந்தா சொன்ன மெட்ராஸில் வீடு கிடையாது, போர்ஷன்தான் உண்டு. மனுஷர்களுக்குப் பெயர் கிடையாது. மாடி வீட்டம்மா, பின் போர்ஷன் மாமி, பால் டோக்கன்காரர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்குவதற்காக ஊரே பீச்சுக்குப் போகும். போய்ப் பார்த்தால் ஊரே அங்கே நிற்பதால் காற்று வராது. தூக்குச் சட்டியில் பாதி மணலோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு அறைக்குப் போய்க் கம்மஞ்சோறும் ஒரு வெஞ்சனமும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகச் சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரிப்பேன். கீழ் வீட்டுக்காரி "என்ன சொர்ணம், சோறு கத சொல்லுதா?" என்று கேட்பாள்.

ஒரு தடவை மட்டும் அவள் சிரிக்காமல் சொன்னாள். எலெக்ட்ரிக் டிரெயினில் தினமும் அவளுக்கு எதிரே உட்காரும் பெரியவர் ஒருவர் ஒரு வாரமாக வரவில்லையாம். மூன்று வருஷமாகத் தலையசைத்துக்கொண்டவர்கள். "யாரைப் போய் விசாரிக்கறது கோயில்பட்டி? பேர்கூடத் தெரியாதே" என்றாள். எனக்கும் பகல் முழுக்க வேலை, சுற்றிலும் ஆள், ஆனாலும் சாயங்காலம் ஆனால் ஒரு குரலுக்கு ஏங்குவேன். மறுநாள் எட்டரை மணி எப்போது வரும் என்று இருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாற்பது செகண்டுதான் எனக்கு உறவு.

எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். வசந்தா வீட்டில் குழாய்ச் சண்டை முற்றியது. ஒன்பது குடித்தனத்துக்கு ஒரு குழாய். விடியும் முன்பே வரிசையில் இடம் போட்டு வைப்பார்கள். வசந்தா தன் பங்குக்கு ஓட்டைக் குடம் ஒன்றை வைப்பாள். மாடி வீட்டம்மா அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டாள். ஓட்டைக் குடத்துக்கு வரிசையில் உரிமை உண்டா இல்லையா? இதுதான் வழக்கு. இரண்டு வாரம் எனக்கு நாற்பது நாற்பது செகண்டாக இந்த வழக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியில் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கூட்டித் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. புதன்கிழமை எனக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை.

அந்தப் புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கந்தசாமி சைக்கிளில் வந்து இறங்கினான். எட்டயபுரம் ரோட்டில் ஒரு கிராமத்து ஆள். அவன் தம்பி சண்முகத்தை எங்கள் கம்பெனிதான் மெட்ராஸ் டிப்போவுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தது. கந்தசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணாச்சி முன்னால் நின்றான்.

"அம்ம தவறிட்டா அண்ணாச்சி. வெள்ளன அஞ்சு மணிக்கு."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "அடப்பாவமே. தம்பிக்குத் தந்தி அடிச்சிருவமாடே?"

"தந்தி வேண்டாம் அண்ணாச்சி. அம்ம செத்துட்டான்னு வெறுந் தாள்ல வரும். அத வச்சிக்கிட்டு ராத்திரி பூரா ரயில்ல ஒத்தையில என்ன செய்வான்? அம்மைக்கு முடியல, ஒடனே வான்னு மட்டும் சொல்லுங்க. இங்கன வந்து தெரிஞ்சிக்கிடட்டும். தாய்க்கு எளையவன்லா கொள்ளி வைக்கணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் போட்டு வைக்கோம்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சாவைச் சாவு என்று சொல்லமாட்டோம். முடியல என்போம். அவன் ஓடி வந்து தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தகவல மொதல்ல சொல்லு தாயி. சரக்கு பொறவு. திருப்பிக் கேட்டுக்கோ." சொல்லிவிட்டு ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் போனார்.

பதினொன்றுக்கு லைன் கிடைத்தது. கடலை வறுக்கிற மாதிரி ஒரே இரைச்சல். நான் கத்தினேன்: "சண்முகத்துக்கு ஊர்ல துட்டி. அவன் அம்மாதான். அவன்கிட்ட முடியலன்னு மட்டும் சொல்லுங்க. ஒடனே ரயில் ஏறச் சொல்லுங்க."

துட்டி என்றால் எங்களுக்குச் சாவு. துட்டி வீடு, துட்டி கேட்கப் போவது என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்த வார்த்தை. மெட்ராஸில் அப்படி ஒரு வார்த்தை இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சரி சரி, புரிஞ்சுது, சொல்லிடறேன்" என்றாள் வசந்தா. அவள் குரல் தணிந்திருந்தது. சரக்கு விவரம் வாசித்தேன். எழுதிக்கொண்டு, பண்டல் கணக்கை மட்டும் திருப்பிச் சொன்னாள். டைம்பீஸைப் பார்த்தேன். முப்பத்தைந்து செகண்டு மிச்சம் இருந்தது.

தகவலைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பத்து செகண்டு போதும். அட்டை என் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கிறது. நான் கேட்டது என்ன தெரியுமா?

"குழாய்ப் பஞ்சாயத்து என்ன ஆச்சு மெட்ராஸ்?"

"அது பெரிய கதை கோயில்பட்டி, நாளைக்குச் சொல்றேன். மொதல்ல அந்தப் பையனைப் போய்ப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாவுச் செய்தி சொல்லி மூன்று நிமிஷம் ஆகவில்லை, கதை கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தம். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

மறுநாள் காலை ரயிலில் சண்முகம் வரவில்லை. பதினொரு மணிக்குக் கந்தசாமி வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார். பஸ்ஸில் வருவானோ என்னவோ என்றார். அன்றைக்கென்று பார்த்து லைன் ஒன்றரைக்குத்தான் கிடைத்தது.

"வசந்தா, சண்முகம் கெளம்பிட்டானா, இல்லியா?"

"அவன் எதுக்குக் கிளம்பணும்?" வசந்தாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நேத்தே தந்தி மணியார்டர் பண்ணியாச்சு. டிப்போவுல எல்லாரும் போட்டோம். பத்தாததுக்கு நான் கம்மலை வச்சேன். இனிமே துட்டுக்கு முடியலன்னு அந்த அம்மா கஷ்டப்பட வேணாம்னு சொல்லுங்க."

இரைச்சலில் அவளுக்குக் கேட்டது ஐந்து வார்த்தைதான். ஊர்ல, துட்டு, அம்மா, முடியல, உடனே. துட்டியைத் துட்டு ஆக்கி, மிச்சத்தை அவள் மனசு கோத்துக்கொண்டது.

"வசந்தா" என்றேன். "அவன் அம்மா செத்துப்போயிட்டாங்க. நேத்துக் காலையிலயே."

அன்றைக்கு லைன் துல்லியமாக இருந்தது. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அப்படியே மூன்று நிமிஷம் ஆகி, அண்ணாச்சி கையை நீட்டி ரிசீவரை வாங்கி வைத்தார்.

அதற்குள் அங்கே கொள்ளி வைத்தாகிவிட்டது. இளையவன் வருவான் வருவான் என்று பார்த்துவிட்டு, இனித் தாங்காது என்று மூத்தவன் கந்தசாமியே வைத்திருக்கிறான். சுடுகாட்டிலிருந்து குளித்து ஈரத்துணியோடு வீடு திரும்பியவர்களை வாசலில் தபால்காரர் நிறுத்தி, செத்துப்போன அம்மா பெயருக்கு வந்த மணியார்டரை நீட்டியிருக்கிறார். இதைக் கந்தசாமி ஆபீஸில் வந்து சொன்னபோது அழவில்லை. "அவ ஆயுசுல அவ பேருக்கு வந்த மொத மணியார்டர் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சண்முகம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். மொட்டைத் தலையோடு ஆபீஸுக்கு வந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வசந்தாக்கா மேல தப்பு இல்ல மேடம். அவிய எனக்காகக் கம்மல வச்சாவ. இப்பம் சோறு திங்காம அழுதுக்கிட்டுக் கெடக்காவ. நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றான்.

அவன் போன பிறகு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். டைம்பீஸ் அவர் கையில் இருந்தது.

"சொல்லுங்க" என்றார். அந்த 'ங்க' வந்துவிட்டது. "அன்னைக்கு எத்தன செகண்டு மிச்சம் இருந்திச்சு? தகவலத் திருப்பிக் கேட்டீங்களா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்காது. அண்ணாச்சி அப்படிப்பட்டவர் இல்லை. டெலிபோன் பக்கமே வராதே என்று சொல்லியிருப்பார். எனக்கு அதுதான் பயம். அந்தக் குரல் இல்லாமல் சாயங்காலத்தை எப்படிக் கழிப்பேன் என்ற பயம்.

"கேக்கதுக்குள்ள லைன் கட் ஆயிட்டு அண்ணாச்சி" என்றேன்.

அவர் டைம்பீஸை மேஜையில் வைத்தார். பிறகு ஒரு கடிதம் சொன்னார், நான் டைப் அடித்தேன். இங்கே லைன் துண்டிக்கப்பட்டதாகவும், அங்கே தகவலைச் சரியாக வாங்காததால் ஒரு தாயின் காரியம் கெட்டதாகவும், இனி டெலிபோனுக்கு வேறு ஆளைப் போடும்படியும் அதில் இருந்தது. என் பொய்யை நானே அடித்து, பிழை பார்த்து, தபாலில் சேர்த்தேன். குரலை இழந்துவிடக் கூடாதென்று சொன்ன பொய், அந்தக் குரலையே கொண்டுபோயிற்று. வினையை விதைத்தவள் வேறென்னத்தை அறுப்பாள்?

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் வசந்தா கடைசியாக லைனில் வந்தாள். நான் சரக்கு விவரம் வாசித்தேன், அவள் எழுதிக்கொண்டாள், ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். மிச்சம் நாற்பது செகண்டு. அண்ணாச்சி அன்றைக்கு டைம்பீஸைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லைன் கட்டாயிடுச்சுன்னு லெட்டர்ல போட்டிருந்துது" என்றாள் வசந்தா.

அவளே தொடர்ந்தாள்.

"இங்க கேட்டாங்க. ஆமா, கட்டாயிடுச்சுன்னுதான் நானும் சொன்னேன்."

நான் டெலிபோனுக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன்.

"இரு கோயில்பட்டி, திருப்பிச் சொல்றேன், சரியா பாரு. துட்டின்னா சாவு. முடியலன்னா உடம்பு சரியில்ல. நாளைக்கழிச்சுன்னா நாளான்னிக்கு. சரியா?"

"சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. மறுநாளிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. நம்பரைக் கேட்கும், திருப்பிச் சொல்லும், வைத்துவிடும். மிச்சம் இருந்த செகண்டெல்லாம் தரையில்தான் கொட்டியது. அண்ணாச்சியும் பேசு என்று சொல்லவில்லை.

பிறகு நாங்களே நேராக மெட்ராஸுக்கு டயல் செய்கிற வசதி வந்தது. முதல் நாளே டிப்போவுக்குப் போட்டு வசந்தாவைக் கேட்டேன். எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாளாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அவள் அப்பா பெயர் தெரியாது, தெரு தெரியாது, முகம் தெரியாது. டிரெயினில் எதிரே உட்கார்ந்த பெரியவரை அவள் எங்கே போய் விசாரிப்பாள்? அதே கதிதான் எனக்கும்.

இப்போது என் போனில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாமாம். பேச ஆள் இல்லை. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு தகவல் ஒப்படைக்கிறேன். சென்னையில் ஒன்பது குடித்தன வீடு ஒன்றில் இருந்த, தீப்பெட்டி டிப்போவில் வேலை பார்த்த, கம்மலை அடகு வைத்த வசந்தாவை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். லைன் கட் ஆகவில்லை. கோவில்பட்டிதான் பொய் சொன்னாள். அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்கு மனசுக்கு முடியவில்லை. குழாய்ப் பஞ்சாயத்து என்ன ஆச்சு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கே, ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள்.